முக்குளிப்பான் பாட்டும் மூன்று குஞ்சுகளும்

ஒரு பாட்டைப் பாடி முடித்துவிட்டுக் கீழே குனிந்து பார்க்கிறீர்கள், முன்பின் தெரியாத மூன்று குஞ்சுகள் நின்றுகொண்டு உங்களை "அம்மா!" என்று கூப்பிட்டால் என்ன செய்வீர்கள்?

நீர்மருத மரத்துக் கரிச்சான் மருதனுக்கு அப்படித்தான் ஆனது. அவனோ ஆண் பறவை. இன்னும் கூடுகூடக் கட்டாதவன்!

மலையடிவாரத்தில் ஒரு பெரிய ஏரி. சுற்றிலும் காடு. கரையோரம் முழுக்க ஆளுயரத்துக்குச் சம்புக்கோரை. அந்தக் கரையில் நின்ற நீர்மருத மரத்தின் உச்சிக்கிளைதான் மருதனின் இடம்.

கரிச்சான் சாதிக்கு ஒரு வரம் உண்டு. எந்தக் குரலைக் கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்லிவிடும். மருதன் பூனை மாதிரி கத்தி மைனாக்களை ஓடவைப்பான். பருந்து மாதிரி சீழ்க்கையடித்து அணில்களைப் பொந்துக்குள் அனுப்புவான். ஆனால் அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு பாட்டு.

"ஏறிக்கோ ஏறிக்கோ, என் முதுகு தோணி,
சேறில்லை அலையில்லை, செல்லமே வா நீ!"

இதைப் பாடிவிட்டுச் சட்டென்று நிறுத்துவான். பத்து எண்ணுகிற நேரம் ஒரு சத்தமும் இருக்காது. பிறகு,

"ஆச்சு ஆச்சு, மேலே வந்தாச்சு,
மூச்சு வாங்கிக்கோ, முத்தே பயம் போச்சு!"

காடே சொக்கிப்போகும். மைனா முணுமுணுக்கும், கொண்டைக்குருவி முணுமுணுக்கும், தவிட்டுக்குருவிக் கூட்டம் ஏழும் ஏழு சுதியில் பாடும்.

"அந்த நடு நிறுத்தம் இருக்கே, அது பெரிய வித்துவானுக்குத்தான் வரும்!" என்பான் அண்டங்காக்கை வெடுக்கன். மருதன் எங்கே போனாலும் பின்னாலேயே போகிறவன் அவன். "'மேலே வந்தாச்சு'ன்னா என்ன அர்த்தம்? எங்க அண்ணன் பெரிய ஆளா வந்துட்டார்னு அர்த்தம்!"

மரத்தில் இருக்கிற பறவை தோணியைப் பற்றி ஏன் பாடுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பாட்டு நன்றாக இருந்தால் யார் அதையெல்லாம் கேட்கிறார்கள்!

உண்மையில் மருதன் அதைப் போன மழைக்காலத்தில் சம்புக்குள்ளிருந்து கேட்டான். பனிமூட்டத்தில் பாடியது யார் என்று தெரியவில்லை. தேடிப் பார்க்கவும் இல்லை. "யார் பாட்டு இது?" என்று மைனா கேட்டபோது, "என் பாட்டுதான்" என்று வாய் தவறி வந்துவிட்டது. பொய் அரிசி அளவுதான். விழுங்கினால் தெரியப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டான்.

இப்போது கீழே மூன்று குஞ்சுகள். உடம்பெல்லாம் வரி வரியாக, ஈரப் பஞ்சு மாதிரி இருந்தன. முக்குளிப்பான் குஞ்சுகள். முக்குளிப்பானுக்குக் கால் வாலுக்குப் பக்கத்தில் இருக்கும். நீந்தத் தெரியும், நடக்க வராது. விழுந்து எழுந்து, வயிற்றில் சேறு அப்பிக்கொண்டு மரத்தடி வரைக்கும் வந்திருந்தன.

"அம்மா!" என்றது பொடிசு.

"யாருடா அம்மா? நான் ஆம்பளை! போங்க போங்க, வீட்டுக்குப் போங்க!"

பெரியது அண்ணாந்து பார்த்தது. "இது அம்மா இல்லைடா. கறுப்பா இருக்கு. மரத்துல இருக்கு."

"அப்ப எங்கம்மா பாட்டை எதுக்குப் பாடினீங்க?" என்று பொடிசு விடவில்லை.

மருதனுக்குச் சுருக்கென்றது. "அது என் பாட்டு!"

"பொய்யி!"

"பொய்யா? இந்தா, கேட்டுக்கோ!" என்று மருதன் ரோஷத்தோடு பாட ஆரம்பித்தான். "செல்லமே வா நீ" வரைக்கும் பாடி, வழக்கம்போல நிறுத்தினான்.

நிறுத்தியதும் மூன்று குஞ்சுகளும் ஒரே நேரத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டன. மார்பு உப்ப மூச்சைப் பிடித்துக்கொண்டன. சின்ன இறக்கைகள் உடம்போடு ஒட்டிக்கொண்டன. பொடிசு உடம்பெல்லாம் நடுங்க, அப்படியும் மூச்சை விடவில்லை.

மருதன் திகைத்துப்போனான். "ஆச்சு ஆச்சு, மேலே வந்தாச்சு" என்றான் மெதுவாக.

மூன்றும் கண்ணைத் திறந்தன. "புஸ்ஸ்" என்று மூச்சை விட்டன. இல்லாத தண்ணீரைத் தலையை ஆட்டி உதறின.

"என்ன செய்யறீங்க நீங்க?"

"அங்கேதானே அம்மா தண்ணிக்குள்ள முங்குவாங்க!" என்றது நடுவுள்ளது. இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. "நாங்க முதுகுல இருப்போம். மூச்சைப் பிடிக்கலேன்னா மூக்குல தண்ணி ஏறும்."

"முங்கிட்டு எப்படிப் பாடுறது? அதான் பாட்டு நின்னுரும்," என்றது பெரியது.

இத்தனை நாள் ஊரே புகழ்ந்த நிறுத்தம்! அது வித்தை இல்லை. ஒரு தாய் பிள்ளைகளை முதுகில் வைத்துக்கொண்டு முங்கி எழுகிற நேரம்!

"சரி, உங்க வீடு எங்கே? கொண்டுபோய் விடறேன்."

"சம்புக்குள்ள."

"ஏரி பூராவும் சம்புதானே! எந்தப் பக்கம்?"

"தெரியாது. எங்க வீடு மிதக்கிற வீடு. காத்தடிச்சா நகர்ந்துரும். அம்மா பாடுவாங்க, நாங்க சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே போயிருவோம்." பெரியதின் குரல் இறங்கியது. "ரெண்டு நாளா அம்மா பாடறதே இல்ல. இன்னிக்கு வீட்டைவிட்டுக் கொஞ்சம் தள்ளி வந்துட்டோம். இங்கே பாட்டுக் கேட்டுது. அதான் வந்தோம்."

"ஏன் பாடறதில்ல?"

"ஒரு காக்கா வந்து திட்டுச்சு. அடுத்தவங்க பாட்டைத் திருடிப் பாடறியான்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அம்மா அழுதாங்க."

மருதனுக்கு ஞாபகம் வந்தது. இரண்டு நாளைக்கு முன்னால் வெடுக்கன் வந்து சொன்னான்: "அண்ணே, சம்புக்குள்ள ஒருத்தி உங்க பாட்டைத் திருடிப் பாடறா. நல்லா நாலு வார்த்தை கேட்டுட்டு வந்தேன்!" அதைக் கேட்டு மருதனும் சேர்ந்துதான் சிரித்தான்.

அந்த நேரம் தரையில் ஒரு நிழல் ஓடியது. மேலே பருந்து. அவசரமில்லாமல் வட்டமடித்துக்கொண்டிருந்தது. சேற்றில் நிற்கிற மூன்று குஞ்சுகளை அது பார்த்துவிட்டது.

மருதன் யோசித்தான். தண்ணீரில் இறக்கிவிட்டால் விரால் மீன். கரையில் விட்டால் பருந்து. தாய் முதுகுதான் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரே இடம். அவள் குரல் கொடுத்தால்தான் அங்கே போக முடியும்.

தான் பாடினால் அவள் வருவாளோ என்று உரக்கப் பாடினான். அங்கேதான் வினை! மருதன் பாடுகிறான் என்றதும் எதிர்க்கரை மைனா சேர்ந்து பாடியது. புதரிலிருந்து கொண்டைக்குருவி பாடியது. தவிட்டுக்குருவிகள் ஏழும் தொடங்கின. ஏரியின் நாலு பக்கமும் அதே பாட்டு!

"அம்மா அங்கே!" என்று பெரியது ஒரு பக்கம் விழுந்து எழுந்து போனது. "இல்லை, இங்கே!" என்று நடுவுள்ளது இன்னொரு பக்கம் திரும்பியது. பொடிசு எங்கே போவது என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்து அழுதது. பருந்து ஒரு சுற்று கீழே இறங்கியது.

"நிறுத்துங்க!"

மருதன் கத்தினான். பாட்டுக் குரல் இல்லை அது; கரகரவென்று, கரிச்சானுக்கே உரிய குரல். "எல்லாரும் வாயை மூடுங்க! மூணு பிள்ளைங்க வீட்டுக்குப் போகணும்!"

காடு திடுக்கிட்டு அடங்கியது. வெடுக்கன் பறந்து வந்தான்.

"என்ன அண்ணே, உங்க பாட்டைத்தானே பாடினாங்க!"

"அது என் பாட்டு இல்லைடா."

"ஐயையோ! மெதுவா பேசுங்க அண்ணே. யாருக்குத் தெரியப் போகுது?"

"மூணு பேருக்குத் தெரிஞ்சுபோச்சு. கீழே பார்."

வெடுக்கன் கீழே பார்த்தான். மூன்று குஞ்சுகளும் அவனை முறைத்துப் பார்த்தன. "இந்தக் காக்காதான்!" என்றது பொடிசு. வெடுக்கன் ஒரு கிளை தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டான்.

ஏரி இப்போது கண்ணாடி மாதிரி கிடந்தது. ஒரு சத்தமும் இல்லை. ஆனால் சம்புக்குள்ளிருந்தும் ஒரு சத்தமும் வரவில்லை. வாயைத் திறந்தால் மறுபடியும் சிரிப்பார்களோ என்று குஞ்சுகளின் தாய்க்குப் பயம். பிள்ளைகள் கரையேறிவிட்டார்கள் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

மருதன் தண்ணீருக்கு மேலே பறந்தான். காடு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான்.

"சம்புக்குள்ள இருக்கிற அக்கா! இது உங்க பாட்டு. ஒட்டுக்கேட்டுத் திருடினவன் நான். உங்களைத் திருடின்னு சொன்னப்ப சிரிச்சவனும் நான்தான். உங்க மூணு பிள்ளைங்களும் மருத மரத்தடியில நிக்கிறாங்க. மேலே பருந்து சுத்துது. யாரும் சிரிக்க மாட்டாங்க. பாடுங்க அக்கா!"

சொல்லிவிட்டு, பருந்தின் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே சம்புக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றினான்.

பிறகு வடக்கு மூலையில், கோரைகள் அடர்ந்த இடத்தில், ஒரு குரல் எழுந்தது.

"ஏறிக்கோ... ஏறிக்கோ..."

பெரிய குரல் இல்லை. பயத்தில் கம்மியிருந்தது. ஆனால் காட்டில் இருந்த அத்தனை பறவைகளுக்கும் அப்போதுதான் புரிந்தது, இதுவரைக்கும் தாங்கள் கேட்டது நிலா இல்லை, தண்ணீரில் விழுந்த நிலாவின் நிழல்தான் என்று.

"பொளக்! பொளக்! பொளக்!" மூன்று குஞ்சுகளும் சேற்றில் சறுக்கிக்கொண்டே போய்த் தண்ணீரில் குதித்தன. அந்தக் குரலை நோக்கி நேராக நீந்தின. ஒன்றுகூட வழி தவறவில்லை.

இதைத்தான் பருந்து எதிர்பார்த்திருந்தது. இறக்கையை மடக்கிக்கொண்டு பாய்ந்தது. மருதன் அதைவிட வேகமாகப் பாய்ந்தான். பருந்தின் முதுகிலேயே ஏறிப் பிடரியில் கொத்தினான். பருந்து திமிறியது, புரண்டது, மருதனின் வாலில் நீண்டு தொங்கிய இறகு ஒன்று பிய்ந்து போனது. அப்படியும் அவன் விடவில்லை. கொத்து பொறுக்காமல் பருந்து மலைப்பக்கம் போய்விட்டது.

மருதன் மூச்சு வாங்க வடக்கு மூலைக்கு வந்தபோது, முக்குளிப்பான் நீராயி மூன்று பிள்ளைகளையும் முதுகில் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஏற்றிக்கொண்டே திட்டிக்கொண்டும் இருந்தாள்.

"கரையேறாதே கரையேறாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! காலைப் பாரு, வயித்தைப் பாரு, சேறு! யார் கழுவறது இதை?"

திட்டு முடிவதற்குள் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. அலகால் ஒவ்வொன்றையும் கோதி, இறக்கைக்குள் இழுத்துக்கொண்டாள்.

மருதன் ஒரு கோரைத் தண்டில் வந்து உட்கார்ந்தான். தலையைத் தூக்கவில்லை. "தப்பு பண்ணிட்டேன் அக்கா."

நீராயி அவனைப் பார்த்தாள். "பாடினதுக்கு எனக்குக் கோவமில்லை தம்பி. பாட்டுன்னா நாலு பேர் பாடத்தான். ஆனா நான் என் பிள்ளைங்களுக்குப் பாடினதுக்கே என்னைத் திருடின்னு சொன்னாங்க பாருங்க, அன்னிக்குத்தான் என் நாக்கு உள்ளே போயிருச்சு."

பொடிசு தாயின் இறகுக்குள்ளிருந்து தலையை நீட்டியது. "அம்மா, இந்த மாமா பருந்தை அடிச்சாங்க. வாலுகூடப் பிஞ்சுபோச்சு."

"பார்த்தேன்," என்றாள் நீராயி. அவள் முகம் கொஞ்சம் இளகியது. "வலிக்குதா தம்பி?"

"முளைச்சுரும் அக்கா."

பறவைகள் ஒவ்வொன்றாக வந்து சம்பைச் சுற்றி உட்கார்ந்தன. வெடுக்கன் எல்லாருக்கும் பின்னால் நின்று இருமினான்.

"நான் அப்பவே நினைச்சேன், மரத்துல இருக்கிற பறவைக்குத் தோணி எதுக்குன்னு!"

"நினைச்சா மட்டும் போதாது. முன்னாடி வந்து மன்னிப்புக் கேளு!" என்று தவிட்டுக்குருவிகள் ஏழும் அவனைத் தள்ளிவிட்டன. வெடுக்கன் தண்ணீரோரம் வந்து, மூன்று குஞ்சுகளும் பார்க்க, தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டான். பொடிசு கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு, "சரி போ" என்றது.

கேட்டுக் கற்ற பாட்டை ஊரே கேட்கப் பாடலாம், தப்பில்லை; ஆனால் அது யாருடையது என்பதை விழுங்கிவிட்டுப் பாடினால், அந்தக் குரலை நம்பியிருக்கிற ஒரு பிள்ளை வழி தெரியாமல் நிற்கும்.

வெயில் ஏறியது. நீராயியின் முதுகில் மூன்றும் கண் சொருக ஆரம்பித்தன. காட்டில் ஒருவரும் கலைந்து போகவில்லை. மைனா வழக்கம்போல மருதனைப் பார்த்தது, பாட மாட்டானா என்று. மருதன் தலையசைத்து மறுத்துவிட்டு, கோரைத் தண்டில் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி உட்கார்ந்தான்.

"அக்கா, இன்னொரு தடவை பாடுங்களேன். நான் வாயைத் திறக்க மாட்டேன். கேட்டுக்கிட்டு மட்டும் இருக்கேன்."