தாளாளரை உட்காரவைத்த ரோபோ

ஒருவர் "வருகிறேன்" என்று சொல்கிறார். சொன்ன உடனே போய்விடுகிறார். ஆனாலும் அவர் சொன்னது பொய் இல்லை. எப்படி? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

பள்ளித் தாளாளர் நெல்லையப்பன் ஒரு வரவேற்பு ரோபோ வாங்கினார். யாராவது வந்தால், நாற்காலியைத் தள்ளிவந்து அவரை உட்காரவைப்பது அதன் வேலை. அதை ஏழாம் வகுப்பில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இது தப்பே பண்ணாது. அப்புறம் உங்களுக்குக் கோடிங் வகுப்பு எதுக்கு? முடிஞ்சா இதை ஒரு தப்பு பண்ண வைங்க. இல்லேன்னா இன்னையோட அந்த வகுப்பு கிடையாது!"

ஜெசிந்தா எழுந்தாள். "எங்களால முடியாது சார். நீங்க அதுகிட்ட சொல்லிக்கிட்டுக் கிளம்புங்க."

"அப்படி வா வழிக்கு!" தாளாளர் பெருமையாக ரோபோவைப் பார்த்துக் கையசைத்தார். "சரிப்பா, நான் வரேன்!"

"வாங்க, வாங்க! உட்காருங்க!" நாற்காலி முழங்காலுக்குப் பின்னால் இடித்தது. தாளாளர் தொப்பென்று உட்கார்ந்தார். கோபமாக எழுந்தார்.

"அட, வரேன்ப்பா!"

"வாங்க, வாங்க!" மறுபடியும் தொப்.

வகுப்பே சிரித்தது. "போறேன்னு சொல்லுங்க சார், விட்டுடும்," என்றாள் ஜெசிந்தா.

"ஐயையோ! போறேன்னு சொன்னா அபசகுனம். சொல்லாமப் போனா மரியாதை இல்ல!"

"அப்போ 'வரேன்'னா போறதும்தான்னு அதுக்கு எழுதிக் கொடுக்கணும் சார். அது கோடிங் வகுப்புல செய்யற வேலை."

"வகுப்பு இருக்கும்மா! தினமும் இருக்கும்! இப்பவே எழுது!"

சாப்பாட்டு மணி அடித்தது. தாளாளரை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, ஜெசிந்தா முதலில் சாப்பிடப் போனாள்.