பூசைக்கு முன் ஒரு மாத்திரை

அந்த மடத்தில் காலைப் பூசை முடிந்து நைவேத்தியம் ஆகும்வரை யார் பல்லிலும் பச்சைத் தண்ணீர் படாது. குருவான ஏகலிங்க சுவாமிக்கும் அதே விதிதான்.

சுவாமிக்கு இரைப்பையில் புண் என்று டாக்டர் சொன்னபோது கூட இருந்தவர் அம்பலவாணன். குருவைவிடப் பத்து வயது மூத்த சீடர். சுவாமி நெடுநாளாகச் சாப்பிட்டுவந்த மூட்டுவலி மாத்திரைதான் புண்ணுக்குக் காரணம் என்று டாக்டர் அதை நிறுத்தச் சொன்னார். அமிலத்தைக் குறைக்க வேறொரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மறுபடி வந்து காட்டவும் சொன்னார்.

மூட்டுவலி மாத்திரை அன்றைக்கே நின்றது. மற்றதில்தான் சிக்கல். பூசைக்கு முன்னால் குருவின் வாயில் எதையாவது போடுவதா? அம்பலவாணன் யோசித்து ஒரு வழி கண்டார். நைவேத்தியம் ஆகி, சுவாமி பந்தியில் பொங்கல் சாப்பிட்டு எழுந்ததும், மாத்திரையைத் தட்டில் வைத்து பக்தியோடு நீட்டினார். மாத்திரை மாத்திரைதானே, முன்னால் போனால் என்ன, பின்னால் போனால் என்ன? ஆண்டவனுக்கும் குறையில்லை, குருவுக்கும் குறையில்லை என்று அவருக்குத் திருப்தி. பாவம், மனசில் ஒரு கள்ளமும் இல்லாத மனிதர்.

தினமும் கேட்பார்.

"மாத்திரை ஆச்சா, சாமி?"

"ஆச்சு."

அதோடு பேச்சு முடியும். குருவின் முகம் தெளிந்துவிட்டதாக நினைத்து, டாக்டரிடம் மறுபடி போவதையும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

மாசி மாதத்தில் ஒரு நாள், பந்தியில் இலைக்கு முன்னால் சுவாமி ரத்தமாக வாந்தி எடுத்துச் சாய்ந்தார்.

புண் ஆறவே இல்லை. இரைப்பையில் ஒரு பகுதியை அறுத்து எடுத்த பிறகுதான் உயிர் தங்கியது. சாப்பிட்ட பின் கொடுத்தால் அந்த மாத்திரை சரியாக வேலை செய்யாது என்று டாக்டர் வருத்தத்தோடு சொன்னார். மலம் கறுப்பாகப் போனதா என்று சுவாமியைக் கேட்டார். தைப்பூசத்திலிருந்தே அப்படித்தான் என்று சுவாமி மெல்லச் சொன்னார். அது உள்ளே ரத்தம் கசிவதன் அடையாளம், அப்போதே வந்திருந்தால் கத்தி வைக்காமலே தப்பித்திருக்கலாம் என்றார் டாக்டர்.

மடத்துக்குத் திரும்பிய சுவாமியால் பந்தியில் உட்கார முடியவில்லை. வருகிறவர்களோடு சரிசமமாக இலை போட்டுச் சாப்பிட்டவர், இப்போது அறையில் தனியாகக் கரண்டி கரண்டியாகக் கஞ்சி குடித்தார். அம்பலவாணன் வாசலில் நின்று அழுதார்.

"என்னால வந்தது, சாமி. டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு."

"நேரம் தப்பிக் கொடுத்தது நீங்க. வலியை மறைச்சது நான்."

"வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

சுவாமி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"மாத்திரை ஆச்சான்னு கேட்டீங்க. ஆச்சுன்னேன். அவ்வளவு ஆசையா தட்டை நீட்டுறவர்கிட்ட வலி குறையலன்னு சொல்ல மனசு வரல. சொல்லியிருக்கணும்."

மறுநாள் விடிந்தபோது பூசை மணி இன்னும் அடிக்கவில்லை. அம்பலவாணன் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தார். சன்னிதிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். சுவாமி வாங்கி விழுங்கினார்.

பழக்கதோஷத்தில் அம்பலவாணன் வாயைத் திறந்தார். மாத்திரை ஆச்சா என்பது நாக்கு நுனிவரை வந்து நின்றது. அதை அப்படியே விட்டுவிட்டு, குருவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"வலி இருக்கா, சாமி?"

சுவாமி வயிற்றில் கையை வைத்துக் காட்டினார்.

"இருக்கு."