ஒருவர் வந்தார், இரண்டு குரல் கேட்டது

"ஏனுங் அம்மணி, நடக்காத கூட்டத்தை நடந்த மாதிரி எழுத எத்தனை நேரமாகும்?"

மாடிப்படி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை. தெய்வசிகாமணி அதற்குள் கேட்டேவிட்டார்.

ஜெசிந்தா நிமிர்ந்தாள்.

"நடந்த கூட்டம்னா சீக்கிரம் முடிஞ்சிரும். நடக்காத கூட்டம்தாங்க முடியவே முடியாது."

சிகாமணிக்குப் புரியவில்லை. ஆனாலும் சிரித்து வைத்தார். குரு சொன்னால் சிரித்து வைப்பது நல்லது.

ஆமாம், பீளமேட்டுப் பட்டறைக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் அதுதான். கோயமுத்தூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் அவளுடைய அறை. வாசல் பலகையில் 'கம்பெனி செக்ரட்டரி' என்றிருக்கும். வயதில் சிகாமணியின் மூத்த மகளைவிடச் சின்னவள். இருந்தாலென்ன, கம்பெனிப் பதிவாளர் அலுவலகத்தின் கதவு அவள் தட்டினால் திறக்கும். மற்றவர்கள் தட்டினால் கை வலிக்கும்.

"ஸ்கூட்டருங் அம்மணி! பேட்டரி ஸ்கூட்டர்!" சிகாமணி உட்காரவே இல்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டி ஹேண்டில் பிடித்தார். "விர்ர்ர்ருனு போகும்னு நெனச்சீங்களா? போகாது. சத்தமே வராது. அதுக்கு மோட்டார் செய்ய ஓசூர்ல ஒரு கம்பெனி நம்மளக் கூப்பிட்டிருக்காங்க!"

"சந்தோசம்ங்க."

"அந்த மேனேஜர் எப்படிப் பேசினான் தெரியுங்களா?" சிகாமணி சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். குரல் ஒரே நொடியில் இருபது வயது குறைந்தது. "'சார், உங்க மோட்டார் சூப்பர் சார். பட், உங்க மெமோராண்டம் பார்த்தோம் சார். அதுல தண்ணி பம்ப்னு மட்டுந்தான் சார் இருக்கு. அப்டேட் பண்ணிட்டு வாங்க சார், சைன் போட்டுடலாம் சார்.' நாலு வாக்கியத்துல எத்தனை சாருங்க!"

ஜெசிந்தா சிரித்துவிட்டாள். அந்த மேனேஜர் அறைக்குள் வந்து போனது போலவே இருந்தது.

மெமோராண்டம் என்பது கம்பெனியின் ஜாதகம். பிறந்த அன்றே எழுதி, பதிவாளரிடம் கொடுத்து வைத்தது. என்ன தொழில் செய்யப் பிறந்தோம் என்று அதில் இருக்கும். இல்லாத தொழிலைத் தொட முடியாது. மனுசன் ஜாதகத்தை மாற்ற முடியாது, இதை மாற்றலாம். ஒன்றே ஒன்று வேண்டும்: பங்குதாரர்கள் கூட்டம் போட்டு, நாலில் மூன்று பங்கு ஓட்டு விழ வேண்டும்.

சிகாமணியின் கம்பெனியில் பங்குதாரர் இரண்டே பேர். பாதிக்குப் பாதி.

முன் ஷெட்டில் சிகாமணி. பின் ஷெட்டில் குழந்தைசாமி. நடுவில் பம்பு ஓட்டிப் பார்க்கும் தண்ணீர்த் தொட்டி ஒன்றும், பேச்சுவார்த்தை இல்லாத எட்டு வருசமும்.

"இந்த மாசக் கடைசிக்குள்ள பதிஞ்சு சர்ட்டிபிகேட் குடுக்கலைன்னா ஆர்டர் ராஜ்கோட் கம்பெனிக்குப் போயிருமுங். பம்ப் யாவாரம் படுத்துக் கெடக்குது. இதை விட்டா ஷெட்டைப் பூட்ட வேண்டீதுதான். நீங்க கூட்டம் நடந்ததா மினிட்ஸ் எழுதிக் குடுங்க. டீ கொண்டு போற ஆள்கிட்டக் குடுத்து உட்டா பின் ஷெட்டுக்காரரு கையெழுத்துப் போட்டு அனுப்பீருவாரு. எட்டு வருசமா அப்படித்தானுங் ஓடுது."

"எழுதினது யாருங்க?"

"பழைய ஆடிட்டரு. இப்ப மகன்கூட சிங்கப்பூர் போயிட்டாரு." சிகாமணி மூக்கைப் பிடித்துக்கொண்டார். குரல் மூக்கு வழியாக வந்தது. "'தலைவர் அனைவரையும் வரவேற்றார். உறுப்பினர்கள் ஏகமனதாக ஏற்றுக்கொண்டனர். நன்றியுரையுடன் கூட்டம் இனிதே நிறைவுற்றது.' ஒரு வருசம் பாருங்க, நாங்க ரெண்டு பேரும் 'மனம்விட்டுச் சிரித்து மகிழ்ந்தனர்'னு வேற எழுதிப்போட்டாருங்!"

"நான் காதுல கேட்டதைத்தான் எழுதுவேன்."

"அம்மணி..."

"கேக்காததை எழுத மாட்டேன்."

"ஊர்ல வேற செக்ரட்டரியே இல்லையா என்ன?"

"ஏன் இல்லாம? கீழ பேக்கரியிலயே ரெண்டு பேரு தேங்காய் பன் தின்னுட்டிருக்காங்க."

சிகாமணி கடைசியில் உட்கார்ந்தார். ஓசூர்க்காரர்கள் இவள் கையெழுத்துதான் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஏன் என்று அப்போது கேட்டிருக்கலாம்.

ஜெசிந்தா அவர் கொண்டு வந்திருந்த நோட்டீசை எடுத்துப் பார்த்தாள்.

"இன்னிக்குக் காலைல பதினோரு மணிக்கு, இந்த அறையில கூட்டம்னு இருக்கு. ரெண்டு பேரும் சம்மதிச்சுக் கையெழுத்தும் போட்டிருக்கீங்க."

"அது சும்மா, ஒரு இதுக்குங்..."

"மணி பதினொண்ணு."

அவள் எழுந்தாள். சுவரோரம் கிடந்த இரும்பு நாற்காலியை இழுத்து வந்து சிகாமணிக்கு எதிரில் போட்டாள். அது ஒரு காலில் ஆடி நின்றது.

"உக்காருங்க. கூட்டம் ஆரம்பிக்கப் போகுது."

"அவரு வர மாட்டாருங்!"

"அரை மணி நேரம் காத்திருக்கணும். சட்டம்."

காத்திருந்தார்கள்.

சிகாமணியால் சும்மா இருக்க முடியாது. விரலைச் சொடுக்கினார். மின்விசிறியைப் பார்த்தார். எதிர் நாற்காலியைப் பார்க்காமல் இருந்து பார்த்தார்.

"அவரு வந்திருந்தா என்ன சொல்லியிருப்பாருங்க?" என்றாள் ஜெசிந்தா.

சிகாமணியின் முகத்தில் பல்பு எரிந்தது. கேட்டாளே ஒரு கேள்வி! இதற்கல்லவா அவர் பிறந்ததே! துள்ளி எழுந்து எதிர் நாற்காலிக்குத் தாவினார். நெஞ்சை நிமிர்த்தினார். கழுத்து நரம்பு புடைத்தது.

"டேஏஏய் சிகாமணீஈஈ!"

கீழே பேக்கரியில் ஒரு கண்ணாடி டம்ளர் விழுந்தது.

"மோட்டாராடா செய்யப்போறே? உனக்கு மோட்டாரைப் பத்தி என்ன மயி... என்ன தெரியும்? சுவிட்ச் போட்டாச் சுத்தும், அதானே தெரியும்!"

நாற்காலி தடதடவென்று ஆடியது. ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிகாமணிக்குக் குஷி தாங்கவில்லை. முன் ஷெட்டில் மத்தியானச் சோற்று நேரத்தில் தினமும் இதுதான் கச்சேரி. ஆரம்பத்தில் ஆட்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இப்போதெல்லாம் என்னவோ ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு அப்புறம்தான் சிரிக்கிறார்கள். சோற்றில் ருசி குறைவு போலிருக்கிறது.

தன் நாற்காலிக்கு ஓடினார். "நீ கத்தாதே மாப்ளே! காலம் மாறுது!"

எதிர் நாற்காலிக்கு ஓடினார். "காலம் மாறுனா? அதுக்கு? நம்ம மொத லேத்து மெஷினு. ரெண்டு பேரும் மாட்டு வண்டில ஏத்தி, வழி நெடுகப் புடிச்சுட்டே வந்தமே, அதைப் பழைய இரும்புக்குப் போட்டியே! என்னை ஒரு வார்த்தை கேட்டியாடா?"

தன் நாற்காலிக்கு ஓடி வந்தார். உட்கார்ந்தார். வாயைத் திறந்தார்.

ஒன்றும் வரவில்லை.

ஜெசிந்தா பேனாவோடு காத்திருந்தாள்.

"கூட்டத்துக்குத் தலைவர் நீங்கதான், பதில் சொல்லோணும்," என்றாள்.

"எங்கங் சொல்றது? அன்னிக்கு ஆளுக்காரங்க அத்தனை பேரு முன்னாடி அந்தக் கத்து கத்துனான். அந்தச் சத்தத்துல..."

"இப்பச் சத்தம் இல்லைங்களே."

சிகாமணி கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார்.

"இந்தக் குரலைக் கடைசியா எப்பக் கேட்டீங்க?"

சிகாமணி கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

மணி பதினொன்றரை. ஜெசிந்தா எழுதி முடித்து, உரக்கப் படித்தாள்.

"ஒருவர் வந்திருந்தார். இரண்டு குரல் கேட்டது. ஆள் போதாததால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த வியாழக்கிழமை, இதே மணி, இதே இடம்."

"அப்ப ஆர்டரு?"

"வியாழக்கிழமை ஓட்டு விழுந்தா, மாசக் கடைசிக்கு முன்னாடி பதிஞ்சிரலாம். விழுந்தா."

"சரிங் அம்மணி. டீக்காரர்கிட்டச் சொல்லி உடறேன்."

ஜெசிந்தா எதிர் நாற்காலியைத் தூக்கினாள். அதைச் சிகாமணியின் கையில் கொடுத்தாள்.

"இது எதுக்குங்?"

"கால் ஆடுது. உங்க பங்குதாரர் லேத் வேலைக்காரர்தானே? சரி பண்ணி, வியாழக்கிழமை அவரையே கொண்டு வரச் சொல்லுங்க."

"நாற்காலியா! நான் ஒரு கம்பெனி டைரக்டருங் அம்மணி!"

"அவரும்தானுங்க."

இரும்பு நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு டைரக்டர் படியிறங்கினார். தேங்காய் பன் தின்றவர்கள் வழி விட்டார்கள்.

கார் டிக்கியில் நாற்காலி கொள்ளவில்லை. நான்கு காலையும் வெளியே நீட்டிக்கொண்டு அது பீளமேட்டுத் தெருவில் ஊர்வலம் போனது. கம்பெனி கேட்டுக்குள் நுழைந்து, முன் ஷெட்டைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி அவர் நடந்தபோது ஆட்கள் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். தொட்டிக்கு அந்தப் பக்கம் முதலாளியை எட்டு வருசமாக அவர்கள் கண்டதில்லை.

பின் ஷெட்டில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. கீய்ய்யென்று காதைப் பிளக்கும் சத்தம். குழந்தைசாமி முதுகைக் காட்டிக் குனிந்து நின்றார். முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது. தலை முழுக்க வெள்ளை.

சிகாமணி வாசலிலேயே நின்றார். போய்விடலாமா என்று திரும்பினார். திரும்பினால் கையில் இருந்த நாற்காலி கதவில் இடித்தது.

சரி, வருவது வரட்டும். கண்ணை மூடிக்கொண்டார். அடிவயிற்றில் இருந்து, அந்தக் காலத்தில் இரண்டு பேரும் லேத்துச் சத்தத்துக்கு மேலே கத்திக்கொள்வார்களே, அதே கத்தலில் எடுத்து விட்டார்.

"மாப்ளேஏஏ! அந்த லேத்தை உன்னைக் கேக்காம வித்தது தப்புதான்டாஆஆ! வர்ற வியாழக்கிழமை கூட்டம்! நெசக் கூட்டம்! கம்பெனி ஜாதகத்தை மாத்தோணும்! வந்துருடாஆஆ! அப்புறம் இந்த நாற்காலிக்குக் கால் ஆடுதுடாஆஆ!"

லேத் நின்றது.

தொட்டியோரம் கூடிவிட்ட ஆட்கள் ஒருத்தரும் அசையவில்லை.

குழந்தைசாமி மெல்லத் திரும்பினார். சிகாமணி தோளைக் குறுக்கிக்கொண்டு அந்த இடிக்காகக் காத்திருந்தார்.

"ஏன் மாப்ளே இந்தக் கத்து கத்தறே?"

இடி இல்லை. தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல ஒரு குரல். யார் பேசியது என்று சிகாமணி சுற்றும் முற்றும் பார்த்தார்.

"நாந்தான்." குழந்தைசாமி தலையைச் சாய்த்துக் காட்டினார். காதுக்குப் பின்னால் அவரைக்கொட்டை அளவுக்கு ஒரு மெஷின். "அப்பெல்லாம் காது கேக்காதுல்ல, அதான் கத்தீட்டிருந்தேன். இதை மாட்டி மூணு வருசமாச்சு. அத்தனை பேருக்கும் தெரியும்."

சிகாமணி ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். ஆட்கள் தரையைப் பார்த்தார்கள்.

குழந்தைசாமி நாற்காலியைக் கையில் வாங்கினார். கவிழ்த்து, ஆடுகிற காலை விரலால் தடவிப் பார்த்தார். லேத் மேடையில் வைத்தார்.

"காலுக்கு அடியில ஒரு புஷ் கடைஞ்சு போட்டாப் போதும், ஆடாது. வியாழக்கிழமை நானே தூக்கீட்டு வர்றேன்."

பிறகு நிமிர்ந்தார்.

"மொதல்ல என்னமோ சொன்னியே மாப்ளே. அதை மட்டும் இன்னொருக்காச் சொல்லு. மெதுவா."