நாற்பத்தேழாம் கட்டத்துச் செருப்பு

ஆமணக்கம்பட்டி அம்மனுக்குப் பொறுமை ஜாஸ்தி. இல்லாவிட்டால் தன் வாசலில் செருப்புக் காக்கும் வேலை மாசிலாமணிக்கும் அவன் மைத்துனர்கள் இருவருக்கும் கிடைத்ததைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருப்பாளா?

வேலையை ஒப்படைத்த அன்று கோயில் மணியக்காரர் சொன்னது இதுதான். "டோக்கனைப் பாரு, அந்த நம்பர் கட்டத்துக்குப் போ, செருப்பை எடுத்துக் கொடு. டோக்கன் இல்லாம ஒரு வாரறுந்த செருப்புகூட வெளியே போகக் கூடாது. யாராவது என்கிட்ட வந்து அழுதா மூணு பேருக்கும் சீட்டுக் கிழிஞ்சிரும்." மாசிலாமணி அதைத் தினமும் குளித்து, நீறு பூசி, மூன்று தரம் சொல்லிவிட்டுத்தான் வேலைக்கு வருவான்.

சித்திரை மாத வெள்ளிக்கிழமை. சபாபதி என்கிறவர் கும்பிட்டுவிட்டு வந்தார். டோக்கனை எங்கேயோ தவற விட்டிருந்தார். அவர் மகளைப் பெண் பார்க்க மத்தியானம் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பஸ்ஸுக்கு அரை மணிதான் இருந்தது. ரோட்டில் தார் உருகிக் கிடந்தது.

"அதோ, அதுதான் தம்பி என் செருப்பு. மேல நாப்பத்தேழுன்னு போட்டிருக்கு பாருங்க."

மாசிலாமணி பார்த்தான். செருப்பும் இருந்தது, நம்பரும் இருந்தது. "அது கட்டத்தோட நம்பருங்க ஐயா. உங்க டோக்கனோட நம்பர் என்னன்னு தெரியணும்ல?"

மூவரும் ஆலோசனைக்கு உட்கார்ந்தார்கள். டோக்கனிலிருந்து செருப்புக்குப் போக வழி இருக்கிறது, செருப்பிலிருந்து டோக்கனுக்குத் திரும்பி வர மணியக்காரர் வழி சொல்லவில்லையே என்று மூத்த மைத்துனன் அய்யாவு வருத்தப்பட்டான். இளையவன் தங்கப்பன் கெட்டிக்காரன். ஒன்றாம் டோக்கன் வந்ததாக நினைத்து அந்தச் செருப்பை எடுத்துக் காட்டுவோம், இல்லையென்றால் இரண்டு, அப்புறம் மூன்று என்றான்.

அப்படியே நடந்தது. சபாபதி ஒவ்வொரு செருப்புக்கும் இல்லையென்று தலையை ஆட்டினார். முப்பத்தொன்றில் ஓர் அம்மாள் நிஜ டோக்கனோடு வந்தாள். அவளை அனுப்பிவிட்டுத் திரும்பினால் எங்கே விட்டோம் என்று மறந்துபோயிற்று. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்கள்.

நாற்பத்தேழு வந்தது. "ஆமாப்பா, இதுதான்" என்றார் சபாபதி.

மூவருக்கும் முகம் மலர்ந்தது. "அப்போ உங்க டோக்கன் நாப்பத்தேழு" என்ற மாசிலாமணி பணிவாகக் கையை நீட்டினான். "கொண்டாங்க டோக்கனை."

சபாபதி படியில் உட்கார்ந்துவிட்டார். மாசிலாமணிக்கு மனசு கேட்கவில்லை. கண்ணை மூடி அம்மனை வேண்டினான். அவளும் இரங்கி ஒரு யோசனை கொடுத்தாள். ஓர் அட்டையைக் கிழித்து நாற்பத்தேழு என்று எழுதி அவர் கையில் கொடுத்தான். உடனே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டான். செருப்பை எடுக்கப் போனவனைத் தங்கப்பன் தடுத்தான்.

"இருங்க மாமா. இதே மாதிரி இன்னொண்ணு இருந்தா? இருநூறு வரைக்கும் பாத்துடணும்."

நூற்றுப் பன்னிரண்டில் அச்சு அசலாக இன்னொரு ஜோடி இருந்தது. அதற்கும் ஓர் அட்டை எழுதத் தொடங்கினார்கள். பஸ் உறுமுகிற சத்தம் கேட்டது. சபாபதி தன் செருப்பைப் பிடுங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு தாரில் துள்ளித் துள்ளி ஓடிப் பஸ்ஸைப் பிடித்தார்.

சங்கதி மணியக்காரர் காதுக்கு எட்டியது. "இனி ஒரு டோக்கன் தொலைஞ்சாலும் உங்களுக்கு வேலை இல்லை. நாளைக்கு வந்து எண்ணிப் பார்ப்பேன்" என்றார்.

ராத்திரி மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை. ஜனங்களிடம் டோக்கனைக் கொடுத்தால்தானே தொலைப்பார்கள்? விடிந்ததும் எதிரிலேயே இன்னொரு மேஜை போட்டான். டோக்கன் இங்கே பாதுகாக்கப்படும் என்று பலகை தொங்கியது.

"டோக்கனை வாங்கிக்கிட்டு நாம என்ன கொடுக்கிறது மாமா?" என்று அய்யாவு கேட்டான்.

"இதென்ன கேள்வி? டோக்கன் வந்தா செருப்பைக் கொடுக்கணும். மணியக்காரர் சொன்னதுதானே?"

அன்று ஜனங்கள் செருப்பைக் கொடுத்து டோக்கன் வாங்கி, எதிர் மேஜையில் டோக்கனைக் கொடுத்துச் செருப்பை வாங்கி, அதைக் கையில் தூக்கிக்கொண்டு சந்நிதிக்கு வரிசையாகப் போனார்கள்.

மணியக்காரர் வந்து டோக்கன்களை எண்ணினார். அட்டையில் எழுதிய நாற்பத்தேழையும் சேர்த்து இருநூறும் இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. அந்த இடத்திலேயே மூவருக்கும் வேலையை நிரந்தரமாக்கினார். பிறகு, முறைப்படி தன் செருப்பையும் கொடுத்து டோக்கன் வாங்கி, டோக்கனைக் கொடுத்துச் செருப்பை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அம்மனுக்கு நன்றி சொல்ல உள்ளே போனார்.