கௌதாரியோடு நடந்த காட்டெருமை

தடதட! தடதட!

மூங்கில் புதருக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டதுமே, கௌதாரி பூவாயி தன் ஐந்து குஞ்சுகளையும் சிறகால் தள்ளிக்கொண்டு முள்ளுக்குள் புகுந்தது. அடுத்த நொடி காட்டெருமைக் கூட்டம் ஓடிக் கடந்தது. பாதை முழுக்கப் புழுதி.

புழுதி அடங்கியதும் பார்த்தால், நடுவழியில் ஆமை மல்லாந்து கிடந்தது.

“பூவாயி அக்கா! வந்து திருப்பி விடு! இந்த வாரத்தில் மூன்றாவது தடவை வானத்தைப் பார்க்கிறேன்!”

சாணி உருட்டும் வண்டோ அழுதேவிட்டது. “என் உருண்டை போச்சே! விடிந்ததிலிருந்து உருட்டினேனே!”

அது கடுங்கோடை. காட்டில் ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர். அதற்குப் போக ஒரே பாதை. இரண்டு பக்கமும் முட்காடு. குஞ்சுகள் நேற்றிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. கடைக்குஞ்சு நிற்க முடியாமல் தள்ளாடியது.

“ஒளிந்தது போதும். போய்க் கேட்போம்!” என்றது பூவாயி.

ஆமையும் வண்டும் கூடப் போயின. வழியில் முயல், கீரி, முள்ளம்பன்றி என்று ஒவ்வொன்றாய்ச் சேர்ந்துகொண்டன. போய்ச் சேரும்போது அது ஒரு ஊர்வலம்!

காட்டெருமைகளின் தலைவன் கருமலையன் அசைபோட்டுக்கொண்டே சொன்னது: “பாதை என்றால் ஓடத்தான். மெதுவாகப் போகிறவர்கள் பார்த்துப் போக வேண்டியதுதானே? எத்தனை கோடையாக முன்னால் ஓடுகிறேன்! வழியில் ஒருத்தரையும் பார்த்ததில்லையே!”

“தலையைக் குனிந்துகொண்டு ஓடினால் யார் தெரிவார்கள் அண்ணே? வெயில் தாழ்ந்ததும் குளம் வரைக்கும் எங்களோடு நடந்து வாருங்கள்” என்றது பூவாயி.

“நடப்பதா? நானா?”

“ஏன், அண்ணனுக்கு ஓட மட்டும்தான் தெரியுமோ?” என்றது வண்டு.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கருமலையனுக்கு ரோஷம் வந்துவிட்டது. “வருகிறேன்! நடந்து காட்டுகிறேன்!”

சாயங்காலம் அது குஞ்சுகளுக்குப் பின்னால் அடியடியாக நடந்தது. ஆமைக்காக நின்று நின்று போனது. பாதிவழியில் நிலம் அதிர்ந்தது.

“என்ன சத்தம் அது?”

“உங்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் அண்ணே!”

பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தைப் போட்டது கருமலையன். அது தன்னை நோக்கி வருவதைக் கேட்டது இதுவே முதல் முறை.

“நில்லுங்கடா!” என்று கத்தியது. ஒன்றின் காதிலும் ஏறவில்லை. குஞ்சுகள் அதன் வயிற்றுக்கடியில் ஒண்டின. கருமலையன் பாதைக்குக் குறுக்கே திரும்பி நின்றது. முதலில் வந்த காளையின் கொம்பு அதன் தோளைக் கிழித்தது. பிறகுதான் கூட்டம் நின்றது.

குஞ்சுகள் அன்று வயிறு நிறையக் குடித்தன.

“தப்புதான் தாயி. இனிமேல் பார்த்து ஓடச் சொல்கிறேன்” என்றது கருமலையன்.

பூவாயி விடவில்லை. “இன்றைக்குச் சொல்வீர்கள். நாளைக்கு ஒரு அவசரம் வந்தால் மறந்துவிடும். எங்களுக்கென்று பாதையில் இடம் வேண்டும் அண்ணே!”

காட்டெருமைகள் பாறைகளை உருட்டி வந்து பாதையில் வரிசையாக வைத்தன. வரிசைக்கு இந்தப் பக்கம் நடக்கிறவர்களுக்கும் உருட்டுகிறவர்களுக்கும். காட்டெருமைகள் ஓடும் அந்தப் பக்கத்து வளைவுகளில் கரையான்கள் மேடு எழுப்பின. அதில் வேகமாக ஏறினால் காட்டெருமைக்கே பல் ஆடும்!

அன்றிலிருந்து எட்டாம் நாள் காடே அந்தப் பாதையில் நடந்தது. ஆமை கழுத்தை முழுசாக நீட்டிக்கொண்டு போனது.

“ஓரம் போங்க ஆமையாரே, உருண்டை வருது!” என்று அதட்டியது வண்டு.

“பூவாயிக்கு ஜே!” என்று முயல்கள் கூவின. பூவாயி ஒருமுறை நெஞ்சை நிமிர்த்தி எல்லோரையும் பார்த்தது. பிறகு குனிந்து, மண்ணைக் கிளறிக் குஞ்சுகளுக்கு இரை தேட ஆரம்பித்தது.

எளியவர்கள் ஒன்றுகூடிக் கேட்டால், ஓடுகிறவர்களின் பாதையிலும் நடக்கிறவர்களுக்கு இடம் பிறக்கும்.