ஊழியரில் சேராத மேனேஜர்

கோவைப் பக்கம் ஒரு பம்பு செட் கம்பெனி. மேனேஜர் ஏகாம்பரம், ஆபீஸின் பொது டிரைவில் இருந்த தீபாவளி லீவு ஃபோல்டருக்கு, "ஊழியர்கள் திறக்கக் கூடாது" என்று தன் கையாலேயே தடை போட்டார். மறுநாள் முதலாளி வந்து பக்கத்தில் நிற்க, ஃபோல்டர் ஏகாம்பரத்துக்கே திறக்கவில்லை.

கம்ப்யூட்டர் பார்க்கும் பொற்கொடியிடம் பாய்ந்தார். "இப்பவே சரி பண்ணு. இல்லேன்னா உனக்கு லீவே கிடையாது."

"உங்க பேரும் ஊழியர் குரூப்புலதானுங்க சார் இருக்குது. அதான் உங்களையும் தடுக்குது."

"நான் ஊழியனா? முதல்ல என்னை அதுல இருந்து தூக்கு."

"சரிங்க சார்" என்றவள் முதலாளியிடம் திரும்பினாள். "ஐயா, மேனேஜர் இனி நம்ம ஊழியர் இல்லைங்களாம். தூக்கிரட்டுங்களா?"

"அவர் இஷ்டம்மா" என்றார் முதலாளி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

ஏகாம்பரம் நெற்றியைத் துடைத்தார்.

"வேண்டாம்மா. எல்லாருக்குமே திறந்து விட்டுரு."