மதகடிப் பங்கு

மன்னர்கள் மாறினாலும் ஊர்க்கட்டு மாறாத பழங்காலத்தில், கீழ்மடை என்றொரு ஊர் ஏரியை நம்பிப் பிழைத்தது. வெகுதூரத்துக் கரட்டுச் சீமையிலிருந்து அங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள் சிலம்பாயி. அவளுக்கு அந்த ஊர் செய்தவற்றை வரிசை பிசகாமல் கேளுங்கள்.

முதலாவது, வந்த நாள் முதல் அவளைக் "கரட்டுக்காரி" என்றே கூப்பிட்டது.

இரண்டாவது, கணவன் பொன்னாண்டி இறந்த பிறகும் ஏரிப் பங்குக்காரர்களைக் குறித்துவைக்கும் ஊர் ஓலையில் அவள் பெயரை எழுத மறுத்தது. பெண் பெயர் ஏறினால் ஏரி வற்றிவிடும் என்றது.

மூன்றாவது, தண்ணீர். ஊர் மந்தையில் ஓலையை வாசிப்பார்கள். பெயருக்கு உரியவன் "இருக்கிறேன்" என்று சொன்னால்தான் அவன் வயலுக்கு மடை திறக்கும். பொன்னாண்டி பெயர் வந்ததும் சிலம்பாயி எழுந்து "இருக்கிறேன்" என்றாள்.

"நீ எப்போதடி பொன்னாண்டி ஆனாய்? மீசையைக் காணோமே!" என்றார் ஊர்த்தலைவரான அம்பலக்காரர்.

மந்தையே சிரித்தது. அவள் நெல் கதிர் பிடிக்காமல் கருகியது.

அதே ஓலையைக் கோடையில் ஏரி தூர் வார வாசித்தபோது மட்டும், "கரட்டுக்காரி, கூடையை எடு" என்றார்கள். அப்போது யாரும் மீசையைத் தேடவில்லை. சேறு மிகுதியாகப் படியும் மதகடியை அவள் பங்காகத் தள்ளிவிட்டார்கள். அவளும் வாரினாள்.

மறு கோடை வந்தது. பொன்னாண்டி பெயரை வாசித்தார்கள். சிலம்பாயி அசையவில்லை.

"என்னடி, காது அடைத்துவிட்டதா?"

"நீங்கள் கூப்பிட்டவர் சுடுகாட்டில் இருக்கிறார், அம்பலக்காரரே. அங்கே போய்க் கூப்பிடுங்கள்."

மற்றவர்கள் தங்கள் பங்கை வாரி முடித்தார்கள். மதகின் வாய் மட்டும் சேறு மூடிக் கிடந்தது. அது திறக்காமல் ஒரு வயலுக்கும் நீர் இறங்காது. வேறொருவர் வாரலாமென்றால் அதுவும் முடியாது. ஏரிச் சேறு வயலுக்கு எரு. பிறர் பங்கில் மண்வெட்டி வைத்தவன் திருடன், அவன் பெயரை ஓலையிலிருந்து நீக்க வேண்டும் என்பது அவர்களே போற்றிவந்த கட்டு.

முதல் நாள் மிரட்டினார்கள். இரண்டாம் நாள், "ஓலையை விடு தாயி, உன் வயலுக்குச் சத்தமில்லாமல் தண்ணீர் விடுகிறோம்" என்றார்கள்.

"சத்தமில்லாமல் கொடுப்பதைச் சத்தமில்லாமலே பிடுங்குவீர்கள்" என்றாள்.

மூன்றாம் நாள் வானம் கறுத்தது. அவளிடம் மிஞ்சியிருந்ததும் ஒரு கலம் விதைநெல்தான். மழை முந்திக்கொண்டால் மதகின் வாய் நீருக்குள் மூழ்கிவிடும்; வாரவும் முடியாது, விதைக்கவும் முடியாது, அதுவும் போச்சு. ஆனாலும் எழவில்லை.

மழைக்குப் பயந்த ஊர் அவளுக்குப் பணிந்தது. ஓலையைத் திருத்தி எழுதினார்கள். ஆண்களும் பெண்களும் சாட்சியாகச் சூழ்ந்து நிற்க, அம்பலக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்:

"சிலம்பாயி."

"இருக்கிறேன்" என்று மண்வெட்டியோடு எழுந்தாள்.

பங்கு கொடுக்கும்போது ஒருத்தியை ஆளாக மதிக்காத ஊருக்கு, பாடுபட அவளைக் கூப்பிடும் உரிமையும் கிடையாது.